வலிக்கு முன்னால் எடுக்கும் படம்

கடைவாய்ப் பற்கள் இரண்டு ஒட்டி நிற்கிற இடம் பல் மருத்துவரின் கண்ணுக்கு எட்டாத இடம். வாய்க்குள் விடும் சிறு கண்ணாடி பல்லின் மேல்பரப்பைக் காட்டும், கன்னத்துப் பக்கத்தைக் காட்டும், நாக்குப் பக்கத்தைக் காட்டும். பல்லோடு பல் முட்டும் அந்த ஒட்டிடத்தை மட்டும் காட்டாது. கூர்முனைக் கருவிக்கும் அங்கே வழியில்லை. பிரஷ்ஷும் நுழைவதில்லை. அதனால் சொத்தைக்குப் பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று.

தர்மபுரியில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பல் மருத்துவம் பார்த்துவரும் ஒரு பெண் மருத்துவருக்கு இந்த இடத்தின் மேல் தனிக் கவனம் உண்டு. ஊரில் அவர் டாக்டரம்மா. புதிதாக வரும் நோயாளியின் வாயைக் கண்ணாடி வைத்துப் பார்த்து முடித்ததும், உதவியாளர் பக்கம் திரும்பி அவர் அதிகம் சொல்லும் சொல் "பைட்விங்". உடனே நாற்காலியிலிருந்து மறுப்பு வரும். "வலியே இல்லையே டாக்டரம்மா, எதுக்கு எக்ஸ்ரே?" வலி இல்லை என்பதால்தான் எடுக்கவேண்டும் என்பது அவருடைய பதில். வலி வந்த பல்லுக்கு இந்தப் படத்தால் பெரிய உபகாரம் கிடையாது.

பைட்விங் என்பது வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு எக்ஸ்ரே. பெரியவர்களுக்கு வழக்கமாக வைக்கும் ஃபிலிம் 41 மில்லிமீட்டர் நீளம், 31 மில்லிமீட்டர் அகலம். அதன் நடுவிலிருந்து தாளால் ஆன ஒரு பட்டை நீட்டிக்கொண்டிருக்கும். நோயாளி மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர அந்தப் பட்டையைக் கடித்துக்கொண்டால், ஃபிலிம் நாக்குப் பக்கமாகப் பற்களுக்கு இணையாக நின்றுவிடும். எக்ஸ்ரே குழாய் கன்னத்துக்கு வெளியே. கதிர் 5 முதல் 10 பாகை வரை கீழ்நோக்கிச் சாய்ந்து, ஏறக்குறைய நேராகப் பற்களின் இடுக்குக்குள் பாயும். ஒரே படத்தில் அந்தப் பக்கத்து மேல் கடைவாய்ப் பற்களின் தலையும், கீழ்க் கடைவாய்ப் பற்களின் தலையும், அவற்றைப் பிடித்திருக்கும் எலும்பின் விளிம்பும் விழும். வேரின் நுனி விழாது.

அந்த வேர்நுனிதான் நம் ஊரில் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. இரவெல்லாம் தூங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு ஐ.ஓ.பி.ஏ. எனப்படும் வேர்நுனிப் படம்தான் தேவை. சீழ் கட்டியிருக்கிறதா, வேர் எத்தனை, எப்படி வளைந்திருக்கிறது என்றெல்லாம் அதில்தான் தெரியும். பெரும்பாலான நோயாளிகள் அந்தக் கட்டத்தில் வருவதால் கிளினிக்குகளில் அந்தப் படமே அதிகம் எடுக்கப்படுகிறது. பைட்விங்கைக் கல்லூரியில் படித்து, தேர்வில் எழுதி, பிறகு தொழிலில் தொடாமலே ஓய்வு பெறுகிறவர்களும் உண்டு என்று டாக்டரம்மா கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறார்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் ஹோவர்ட் ரைலி ரேப்பர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். இண்டியானாவில் பல் கதிரியலைப் பாடமாக நடத்தியவர். 1913-ல் அந்தத் துறைக்குப் பாடநூலும் எழுதினார். அந்தக் காலத்தில் பல் எக்ஸ்ரே என்றாலே வேர்நுனிதான். ரேப்பருக்கு அது தாமதமான தேடலாகப் பட்டது. வேருக்கு நோய் போய்ச் சேர்ந்தபின் கண்டுபிடிப்பதைவிட, ஒட்டிடத்தில் தொடங்கும்போதே பிடித்தால் என்ன என்று யோசித்து 1925-ல் பைட்விங்கை அறிமுகப்படுத்தினார். நூறாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. ஃபிலிம் போய் சென்சார் வந்திருக்கிறது, தாள் பட்டை போய் பிளாஸ்டிக் ஹோல்டர் வந்திருக்கிறது. கடிப்பதும் கதிர் பாயும் திசையும் அப்படியேதான்.

டாக்டரம்மா தொழில் தொடங்கியது இருட்டறைக் காலத்தில். கழிப்பறைக்கு அடுத்த ஒரு சிறு அறையில் சிவப்பு விளக்கு, டெவலப்பர் கிண்ணம், தண்ணீர்க் கிண்ணம், ஃபிக்ஸர் கிண்ணம். டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஃபிலிமை ஐந்து நிமிடம் ஊறவைக்கவேண்டும் என்பது கணக்கு. தர்மபுரியின் சித்திரை வெயிலில் எந்தக் கிண்ணத்தில் 20 டிகிரி இருக்கும்? 27 டிகிரிக்குப் போனாலே நேரத்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும். அதற்கு மேல் போனால் படம் கறுத்துப் புகைமூட்டமாகிவிடும். கிண்ணத்தைச் சுற்றி ஐஸ்கட்டி போட்டு, தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு வேலை பார்த்தார்கள். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டு ஆண்டுகள் வேறொரு சோதனை. கரண்ட் எப்போது வரும் என்று பார்த்து நோயாளிக்கு நேரம் கொடுக்கவேண்டியிருந்தது. வந்த கரண்டும் தள்ளாடினால் படம் வெளிறிப்போகும்.

ஃபிலிமைத் திருப்பி வைத்துவிட்டால் உறைக்குள் பின்பக்கம் இருக்கும் ஈயத்தாளின் வரிவரியான அச்சு பல்லின் மேல் விழும். புதிதாக வேலைக்குச் சேரும் உதவியாளருக்கு அவர் முதலில் காட்டுவது அந்த மாதிரிக் கெட்டுப்போன படங்களைத்தான். குழாய் விலகியதால் ஒரு மூலை வெள்ளையாகப் போனது, கதிர் பக்கவாட்டில் சாய்ந்ததால் பக்கத்துப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது என்று ஒரு கோப்பு நிறைய வைத்திருக்கிறார். பற்கள் ஏறி நிற்கும் படம் எடுக்காத படத்துக்குச் சமம். எந்த ஒட்டிடத்தைப் பார்க்க எடுத்தோமோ அதுவே மூடிக்கிடக்கிறது.

வாய்க்குள் எதை வைத்தாலும் குமட்டுகிறவர்கள் உண்டு. மூக்கால் மூச்சு விடச் சொல்வார். அதற்கும் அடங்காவிட்டால் நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பார். ஒரு காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்வதும் வழக்கம். கவனம் காலுக்குப் போகும் நேரத்தில் படம் எடுத்து முடிந்துவிடும். பாக்கும் பான் மசாலாவும் போட்டுப் போட்டுக் கன்னத்தின் உட்சதை நாராக இறுகிப் போனவர்களிடம் இந்த உபாயம் எதுவும் செல்லாது. அவர்களுக்கு ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. அவர்களைப் பொறுத்தவரை சொத்தை இரண்டாம் பட்சம். அந்த இறுக்கம் புற்றுநோய்க்கு முந்தைய நிலைகளில் ஒன்று என்பதால் அவர்களுக்கு வேறு பேச்சு, வேறு சிகிச்சை.

படத்தில் பல்லின் வெளி ஓடான எனாமல் நல்ல வெள்ளையாகத் தெரியும், அதற்கு உள்ளே டென்டின் சற்று மங்கலாக, நடுவில் நரம்பும் ரத்தமும் ஓடும் பல்கூழ் கறுப்பாக. தாதுச்சத்து கரைந்த இடத்தில் கதிர் தடையில்லாமல் கடப்பதால் சொத்தையும் கறுப்பாகத்தான் விழும். ஒட்டிடத்துக்குச் சற்றுக் கீழே எனாமலில் ஒரு சின்ன முக்கோணம், அடிப்பக்கம் வெளியே, கூர்முனை உள்ளே. அதுதான் தொடக்கம். ஆனால் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் தாது கரைந்த பிறகே கறுப்பு தெரியத் தொடங்கும். ஆகவே படம் காட்டுவதைவிட உண்மையில் சொத்தை கொஞ்சம் ஆழமாகவே இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட இளம் மருத்துவர்கள் சிலர், அப்படியென்றால் தெரிந்த உடனே குடைந்து அடைத்துவிடலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். டாக்டரம்மா சண்டை போடுவது இந்த இடத்தில்தான்.

எனாமலோடு நிற்கும் கறுப்பைக் குடையக்கூடாது என்பது அவர் கட்சி. அதற்கு ஆதாரமும் சொல்கிறார். பிட்ஸ், ரிம்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், படத்தில் கறுப்பு தெரிந்த பற்களில் உண்மையாகவே குழி விழுந்திருக்கிறதா என்று நேரில் பார்த்துச் சரிபார்த்தார்கள். நிரந்தரப் பற்களில் எனாமலின் வெளிப்பாதியோடு நின்றவற்றில் ஒன்றில்கூடக் குழி இல்லை. உள்பாதி வரை போனவற்றில் நூற்றுக்குப் பத்து அளவில்தான் குழி. டென்டினின் வெளிப்பாதியைத் தொட்டவற்றில்கூட நூற்றுக்கு நாற்பதுதான். டென்டினின் உள்பாதிக்குப் போனவை எல்லாவற்றிலும் குழி இருந்தது. குழி விழாத பரப்பில் தாது திரும்பப் படிய வாய்ப்பு இருக்கிறது. அங்கே டிரில்லை வைப்பது ஆறக்கூடிய காயத்தை வெட்டி எடுப்பதுதான்.

சந்தேகமான பல்லாக இருந்தால், கம்பி கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் சிறு ரப்பர் வளையத்தை இரண்டு பல்லுக்கு நடுவே இரண்டு மூன்று நாள் மாட்டிவைக்கிறார். பற்கள் இம்மியளவு விலகும். பிறகு கண்ணாலேயே பார்த்துவிடலாம். நோயாளிக்கு இரண்டு நாள் பல்லிடுக்கில் கறித்துண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும் என்பதைத் தவிர வேறு தொல்லை கிடையாது.

பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணை அவளுடைய அம்மா கூட்டி வந்திருந்தார். பெரிய நகரம் ஒன்றில் யாரோ கடைவாய்ப் பற்கள் அத்தனையிலும் சொத்தை, உடனே அடைக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். இரண்டு பக்கமும் பைட்விங் எடுத்துப் பார்த்தால், கீழ்க் கடைவாய் முதல் பல்லின் முன்பக்கத்தில் எனாமலோடு நிற்கும் ஒரு முக்கோணம், அதற்கு முன்னால் இருக்கும் பல்லில் அதற்கு எதிரே இன்னொன்று. மற்றவை சுத்தம். குளிர்பானத்தையும் இடைவேளைக்கு இடைவேளை தின்னும் பிஸ்கட்டையும் நிறுத்தச் சொல்லி, இரவில் பல்லிடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்து, ஃபுளோரைடு வார்னிஷ் பூசலாம் என்றார் டாக்டரம்மா. அம்மாவின் முகம் மாறியது.

"ஃபுளோரைடா? ஏற்கெனவே அதாலதானே எங்க ஊருப் பல்லெல்லாம் இப்படி ஆச்சு?"

தர்மபுரியில் பல் மருத்துவம் பார்ப்பவர் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பமுடியாது. இந்த மாவட்டத்தின் கடினப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. பழுப்புத் திட்டும் சுண்ணாம்பு வெள்ளைக் கோடுமாக அவர்கள் சிரிப்பதையே குறைத்துக்கொண்டவர்கள். கல்யாணப் பேச்சு வரும்போது பெண் கேட்டு வந்தவர்கள் பல்லைக் காரணம் காட்டித் திரும்பிப் போன கதைகள் டாக்டரம்மாவின் நாற்காலியில் நிறையக் கேட்டவை. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போதுதான் நிரந்தரப் பற்கள் முளைத்து நிற்கின்றன.

அந்த அம்மாவுக்கு அவர் பொறுமையாகச் சொன்னார். பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதில், வயிற்றுக்குள் போகும் அளவு மீறிய ஃபுளோரைடுதான் திட்டாக மாறுகிறது. முளைத்து முடிந்த பல்லின் மேல் வெளியிலிருந்து பூசுவது அந்தக் கெடுதலைச் செய்யாது. கரைந்த எனாமலில் தாது திரும்பப் படிய உதவும். அம்மா அரைமனதோடு தலையாட்டினார். மறு வருடம் அதே கோணத்தில் எடுத்த படத்தில் முக்கோணம் வளரவில்லை. அதற்கடுத்த படத்திலும் வளரவில்லை. அந்தப் பெண் இன்றுவரை அந்தப் பற்களில் டிரில் சத்தம் கேட்டதில்லை.

அதே கோணம் என்பது இங்கே முக்கியம். குழாய் கொஞ்சம் திரும்பினாலும் பழைய முக்கோணம் பெருத்தோ சிறுத்தோ தெரியும். ஹோல்டரில் குழாயை நேராக நிறுத்தும் வளையம் வைத்து எடுப்பது அதற்காகத்தான்.

திட்டு விழுந்த பற்களைப் பார்க்கும்போது பைட்விங் இன்னொரு வகையில் கைகொடுக்கிறது. எனாமலில் ஏற்கெனவே பழுப்பும் வெள்ளையும் இருக்கும்போது, சொத்தையின் முதல் வெண்திட்டு எது, ஃபுளோரைடின் திட்டு எது என்று கண்ணால் பிரிப்பது சிரமம். மேல்பரப்பில் சின்னக் கறைதானே என்று விட்ட பல்லில், அடியில் டென்டின் பரவலாக அழிந்திருப்பதைப் படம் காட்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. கறையான் அரித்த நிலைப்படி போல. மேலே பெயிண்ட் அப்படியே இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும்.

பைட்விங் பொய்யும் சொல்லும். பல்லின் கழுத்தில், எனாமல் முடிந்து எலும்பு தொடங்குவதற்கு இடைப்பட்ட பகுதியில், ஒரு கறுப்புப் பட்டை அடிக்கடி விழும். அங்கே பல் மெலிந்திருப்பதாலும் சுற்றிலும் எலும்பின் மறைப்பு இல்லாததாலும் கதிர் அதிகமாகக் கடந்துவிடுகிறது. அது சொத்தை கிடையாது. ஈறு கீழே இறங்காத இருபது வயதுக்காரருக்கு அங்கே சொத்தை வருவது அபூர்வம் என்பதை நினைத்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். எனாமலும் டென்டினும் சேரும் கோட்டில் நம் கண்ணே ஒரு கறுப்பு வரியைக் கற்பித்துக்கொள்வதும் உண்டு. வெளிச்சப் பெட்டியில் படத்தை வைத்து, பக்கத்து வெள்ளையைத் தாளால் மறைத்துவிட்டுப் பார்த்தால் அந்த வரி காணாமல் போகும். பழைய ஃபில்லிங் பொருட்கள் சில எக்ஸ்ரேயில் தெரியாதவை. அடியில் கறுப்பாகக் கிடந்து சொத்தை போல மிரட்டும்.

எலும்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆரோக்கியமான வாயில் எலும்பின் விளிம்பு எனாமல் முடியும் இடத்திலிருந்து 1.5 முதல் 2 மில்லிமீட்டர் கீழே நிற்கும். வேர்நுனிப் படத்தில் கதிர் சாய்வாகப் பாய்வதால் இந்த அளவு ஏறி இறங்கித் தெரியும். பைட்விங்கில் அந்தப் பிழை மிகக் குறைவு. ஒருவருக்கு இரண்டு குறிப்பிட்ட பற்களுக்கு நடுவே மட்டும் சோறு மாட்டி, ஈறு வீங்கி, ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. ஸ்கேலிங் செய்தும் அடங்கவில்லை. பைட்விங்கில் பார்த்தால் எப்போதோ வைத்த வெள்ளி ஃபில்லிங்கின் விளிம்பு பல்லைத் தாண்டி இடுக்குக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே எலும்பு கரைந்திருந்தது. அந்த ஃபில்லிங்கை எடுத்து ஒழுங்காக வைத்தபின் ஈறு அடங்கியது.

ஞானப்பல் விஷயத்தில் இந்தப் படத்தை நம்பக்கூடாது. படுக்கையாகக் கிடக்கும் ஞானப்பல் தனக்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லை முட்டி, அதன் பின்பக்கத்தைச் சொத்தையாக்குவது சாதாரணம். ஃபிலிம் அவ்வளவு தூரம் பின்னால் போகாது. அதற்குத் தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எடுத்துவிடுவதே மேல்.

கதிர்வீச்சுப் பயம் ஒன்று பாக்கி. ரான்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அதற்கடுத்த மாதங்களிலேயே ஜெர்மனியின் ஓட்டோ வால்காஃப் தன் பற்களையே படமெடுத்துப் பார்த்தார்; கதிருக்கு முன்னால் 25 நிமிடம் அசையாமல் இருந்தார். நியூ ஆர்லியன்ஸின் எட்மண்ட் கெல்ஸ் 1896 முதல் இதைத் தொழிலில் பயன்படுத்தினார். குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று தன் கையையே கதிருக்கு நேரே வைத்துப் பார்ப்பது அன்றைய வழக்கம். அவருக்குக் கையில் புற்றுநோய் வந்தது. விரல்கள் போயின, பிறகு கையும் போனது. அறுவைக்கு மேல் அறுவை. 1928-ல் அவர் தன்னையே சுட்டுக்கொண்டார். பல் எக்ஸ்ரே எடுக்கும்போது ஃபிலிமை மருத்துவரோ உதவியாளரோ விரலால் பிடிக்கக்கூடாது என்ற விதிக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் விரல்கள் இருக்கின்றன.

இன்றைய கணக்கு வேறு. வேகமான ஃபிலிம் அல்லது டிஜிட்டல் தகடும், கதிரைச் செவ்வகமாகக் குறுக்கும் குழாயும் இருந்தால், நான்கு பைட்விங் படங்களுக்குச் சுமார் 5 மைக்ரோசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சராசரி மனிதர் ஒரு நாளில் பெறுவது ஆறேழு மைக்ரோசீவர்ட். நம் கிளினிக்குகளில் அதிகம் காணும் வட்டக் குழாயில் அளவு சில மடங்கு கூடும். அப்போதும் சில நாட்களின் இயற்கைக் கதிர்வீச்சுதான். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-ல் ஈய ஏப்ரனும் கழுத்துக் காலரும் தேவையில்லை என்றே சொல்லிவிட்டது. ஏப்ரன் போடாமல் எடுத்தால் நம் நோயாளிகள் பயந்துவிடுவார்கள் என்று டாக்டரம்மா இன்னும் போட்டு அனுப்புகிறார். கருவுற்றவர்களுக்கு அவசரம் இல்லாத படத்தைப் பிரசவத்துக்குப் பின் தள்ளிவைக்கிறார். இயந்திரத்தை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு செய்து, சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார். எக்ஸ்ரே எடுக்கும் எந்தப் பல் மருத்துவமனையிலும் அந்தப் பதிவு இருக்கவேண்டும்.

சென்சார் வந்தபின் அவருக்கு ஒரு புதுக் கவலை. ஃபிலிம் காலத்தில் ஒரு படம் கெட்டால் கழுவி உலர்த்தி மறுபடி எடுக்கும் சலிப்பு இருந்தது. இப்போது திரையில் நொடியில் வருவதால் "இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்ற பழக்கம் வந்துவிட்டது. படத்தில் சொத்தையைக் கட்டம் போட்டுக் காட்டும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் வந்திருக்கிறது. களைத்த மாலையில் கண் தவறவிட்டதை அது காட்டிக்கொடுக்கும், வேண்டாம் என்று அவர் சொல்வதில்லை. ஆனால் போன வருடமும் அந்தக் கறுப்பு அங்கேயே, அதே அளவில் இருந்தது என்பதைப் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்தான் சொல்லவேண்டும்.

எத்தனை நாளுக்கொரு முறை எடுப்பது? சொத்தைக்கு அதிக வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 12 மாதம், வாய்ப்புக் குறைந்த பெரியவர்களுக்கு 24 முதல் 36 மாதம் என்பது அமெரிக்க வழிகாட்டி நெறி. பற்களுக்கு நடுவே தாராளமாக இடைவெளி இருந்து, கண்ணாலேயே பார்க்க முடிகிற பால் பல் குழந்தைக்கு எடுக்கவே வேண்டியதில்லை. வருடா வருடம் எல்லோருக்கும் எடுப்பது வியாபாரம் என்கிறார் அவர்.

வலி இல்லாத பல்லை அடைக்கவேண்டும் என்று யாராவது சொன்னால், கறுப்பு எங்கே இருக்கிறது, எனாமலைத் தாண்டிவிட்டதா என்று படத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்த படத்தைத் தேதியோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து எடுத்தது, அது உங்களுடையது. வேலைக்கோ படிப்புக்கோ ஊர் மாறும்போது அடுத்த மருத்துவரிடம் அதைக் கையோடு கொண்டு போங்கள்.